ஒத்திவைத்த தலைப்பு

நான் பேசுவதில்லை.
என்னிடம் தந்தது ஒரு நெஸ்டமோல்ட் டின், ஒரு தேக்கரண்டி.
ஐந்தாம் நிமிடம் ஒரு தட்டு,
ஆறில் இரண்டு,
அதற்குப் பிறகும் நிஃப்ராஸ் பேசினால்
வாய் மூடும்வரை தட்டு.
முன்பு நல்ல மணியொன்று இருந்ததாம்.
நாடகக்காரர் இரவல் வாங்கிப்போய்
நாடகத்தையே போடாமல் விட்டார்கள்.

வியாழன் நாலரை, கலைப்பீடம், மூன்றாம் மாடி.
ஐந்து ரூபாய்க் குற்றியைச் சுண்டுவோம்.
விழுந்த பக்கம்தான் அன்றைக்கு நம் கொள்கை.
போன கிழமை அப்படித்தான்,
பதுளையிலிருந்து வந்த தியாகச்செல்வி
தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பட்டம் எதற்கு என்று
ஆறு நிமிடம் வாதாடி
வென்று
போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.
பிறகு மீன் பணிஸ் மூன்று தின்றாள்.

குறிப்பேடும் என் பொறுப்பு.
சிவப்பு முதுகு, எலி கடித்த மூலை.
முதல் கூட்டத்தில்
சங்கமா மன்றமா என்று இரண்டரை மணித்தியாலம்.
முடிவு: கழகம்.
நடுவில் எங்கோ இரண்டு பெயர்கள்
ஏழு கூட்டம் ஒருவரையொருவர் எதிர்த்தே பேசுகின்றன,
எட்டாவதற்கு இருவரும் வரவில்லை.

எண்பத்து மூன்று, ஜூலை இருபத்தெட்டு, வியாழன்.
தலைப்பு: கொழும்பில் குடை அநாவசியம்.
முன்மொழிபவர் செ. அருளம்பலம்.
எதிர்ப்பவர் ம. புவனராணி.
சிற்றுண்டி: கடலை, பிளேன்டீ.
நேரம் எழுதும் கட்டங்கள் வெறுமை.
கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில்
ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த பக்கம் இரண்டு வருடம் தள்ளித் தொடங்குகிறது,
புதுப் பெயர்களோடு,
ஏனென்று எழுதாமல்.

யாப்பின் பதினோராம் பிரிவு:
ஒத்திவைத்த தலைப்பை
அடுத்த கூட்டமே முதலில் எடுக்கவேண்டும்.
அன்றிலிருந்து நாங்கள் கூடியதெல்லாம்
சட்டப்படி பிழை.

நேற்று எழுந்து இதை வாசித்தேன்.
என் குரல் இப்படியிருக்கும் என்று
பலருக்கு நேற்றுத்தான் தெரியும்.
"இப்பவே எடுப்பம்" என்றான் நிஃப்ராஸ்.
வெளியே மழையில்லை. பெய்திருந்தால் வசதி.
குற்றி சுண்டவில்லை,
பக்கங்கள் ஏற்கெனவே பிரித்தாயிற்று.

நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில்
ஒரு நனைந்த குடை நாலு பேரை நனைக்கிறது என்றான்.
காலிமுகத்திடலில் குடை பிடிப்பது
மழைக்கென்று எவன் சொன்னான் என்றான்.
மேசைகள் அதிர்ந்தன.

தியாகச்செல்வி நிதானமாகத் தொடங்கினாள்.
நாலாம் நிமிடத்தில்,
"குடையோடு வெளிக்கிடுகிற ஆள்
திரும்பி வரலாமென்று நினைக்கிற ஆள்" என்றாள்.
மேலே சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.
இருக்கவுமில்லை.
மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.
நான் ஓடவிட்டேன்.
ஐந்தில் ஒரு தட்டு.
ஆறில் இரண்டு.

பதினொன்றுக்கு ஒன்பது, நிஃப்ராஸ் வென்றான்.
பகிடிக்கு விழுந்த வாக்குகள்.

பழைய பக்கத்துக்கே போய்
கட்டங்களை நிரப்பினேன்.
சிற்றுண்டியில் கைவைக்கவில்லை.
கடலை, பிளேன்டீ.