புறப்பட்ட இடம்

வாத்து லாரிகளுக்கு மருந்தடித்து
ஓய்ந்திருந்தது புளியரை சோதனைச் சாவடி.
சாரல்.
புனலூர் காரின் பின்சீட்டில்
ஒரு கூடை நிறையச் சாம்பல் முடி.

"என்ன சாதி?" என்றார் குத்தாலிங்கம்.
"பெர்ஷியன்."

பதிவேட்டில் புறப்பட்ட இடத்துக்கு
அரை விரல் அகலக் கட்டம்.
பனி விழும் மேட்டுநிலம்,
ஒட்டகப் பொதி, கப்பல்,
மூக்கைச் சப்பையாக்கிய சீமைக்காரர்கள்
எதுவும் அதில் அடங்காது.

"பிறந்தது கொட்டாரக்கரை, சாரே.
மத்தி வாசனைக்கு மட்டும் எழுந்திருப்பாள்"
என்றாள் லிசியம்மா.

டார்ச் அடித்தேன்.
செம்புக் கண் ஒன்று திறந்து
என்னையும் மழையையும்
ஒரே மாதிரி பார்த்தது.
பிறகு கொட்டாவி. தூக்கம்.

கொட்டாரக்கரை என்றே எழுதினேன்.

விடிகாலை, செங்கோட்டை பஸ்.
சட்டைக்கையில் நீளமாய் ஒரு முடி.
நடத்துனர் எனக்கு மட்டும்
டிக்கெட் கிழித்தார்.