வெள்ளரி ஜாடி

டாலினில் டிராம் ஓட்டும் ஊர்மாஸுக்கு
மூன்று மாதமாய் ஒரே சண்டை,
பவளத் தொட்டிக்குள்
கேட்காமல் முளைத்த கடல்சாமந்திகளோடு.

ஊசியில் எலுமிச்சைச் சாறு ஏற்றினான்.
கொதிநீர் பாய்ச்சினான்.
கிள்ளினால்
கிள்ளிய துணுக்கும் ஒரு வாய் திறந்தது.
அவை தீண்டிய பவளங்கள் வெளுத்துச் சுருங்கின.

கடைசியில் பத்து நத்தைகள்,
ஓடில்லாதவை, நகக்கண் நீளம்.
வெளியே மைனஸ் பதினேழு.
தெர்மாஸில் இட்டு, கோட்டுக்குள் அணைத்து,
தான் ஓட்டும் தடத்திலேயே
பயணியாய் உட்கார்ந்து கொண்டுவந்தான்.

இரவுப் பணி முடித்து
சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பான்:
ஒன்றும் அசையாது.
ஆறாம் வாரம் ஒரு பாறை வெறுமை.
பத்தாம் வாரம் எல்லாப் பாறையும்.

"ஜெயித்தாயிற்றே," என்றாள் மாரெத்,
"பிறகேன் முகம் இப்படி?"

கண்ணாடியில் ஏறுவதும் இறங்குவதுமாய்
நத்தைகள் மெலிந்துகொண்டிருந்தன.
வேறெதையும் தின்னத் தெரியாத பிறவி.

வடிகட்டியைப் பிரித்து, குழாய் குழாயாய்த் துழாவி
தப்பிய ஒரே ஒரு சாமந்தியைக் கண்டெடுத்தான்.
நகம் படாமல் பெயர்த்தான்.

சமையலறை ஜன்னலில்,
வெள்ளரி ஊறுகாய் தீர்ந்த ஜாடியில்
அது இப்போது விரிகிறது.
காலையும் மாலையும் இறால்பொடி ஊட்டுகிறான்,
பெருகு, பெருகு என்று.