கால் ஷிப்ட்

ஆயிரத்து முந்நூற்றுப் பதினொரு சோதனைகள்.
பழைய சட்டகத்திலிருந்து அவிழ்த்து
புதியதில் பூட்ட வேண்டும்.

பதினைந்து வேலம்பாளையத்தில்
பனியன் கம்பெனிக்கு மேல்மாடி எங்கள் ஆபீஸ்.
கீழே ஓவர்லாக் ஓடினால்
என் டீ கிளாஸில் வட்டம் வட்டமாய் நடுங்கும்.
நாற்பது கம்பெனிகளுக்குச்
சனிக்கிழமைச் சம்பளம் போடும் நிரல் இது.

"என்ன பெருசா இருக்குதுங்க,
எடுத்து எடுத்து ஒட்டற வேலைதானே"
என்றார் சென்னியப்பன்.

ஒட்டினேன்.
முன்னால் நின்ற செய்தியைப் பின்னால் தள்ளினேன்.
மொய் நோட்டில் தொகையை முதலில் எழுதி
ஊர்ப்பெயரைக் கடைசியில் எழுதச் சொன்னால்
கை எப்படித் தடுமாறும், அப்படி
இரண்டு நாள் தடுமாறியது.

உண்மை என்பது உண்மைதானா என்று மட்டும் கேட்டு
ஏழு வருஷமாய்ப் பச்சை வாங்கியிருந்தது ஒன்று.
எவன் எழுதியது இதை என்று
பெயரைத் தேடிப் பார்த்தேன்.
நான்.

பழையதற்கு ஒரு பழக்கம்:
டெஸ்ட் என்று தொடங்கும் பெயர்களை மட்டும்
கூப்பிட்டு ஓட்டும்.
புதியதற்குப் பெயர் முக்கியமில்லை,
தலைக்கு மேல் ஒரு குறி போதும்.
கண்ணில் பட்டதற்கெல்லாம் குறி வைத்துக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை பொழுதோட ஓட்டினேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது.

ஒன்று கூட.
அதுவும் சிவப்பு.

டெஸ்ட் என்று அடிக்க வேண்டிய இடத்தில்
அவசரத்தில் டெட்ஸ் என்று அடித்திருக்கிறார் நாச்சிமுத்து.
இரண்டு எழுத்து இடம் மாறியதில்
ஏழு வருஷம் யாரும் கூப்பிடவில்லை அதை.
எழுதியவர் கோபிப் பக்கம் போய்விட்டார்.
நம்பரும் மாறிவிட்டது.

உள்ளே ஒரு கைமடி. பாவாயி என்று பெயர்.
சனி இரவு எட்டுக்கு உள்ளே,
இரண்டு மணிக்கு வெளியே.
ஆறு மணி நேரம், முக்கால் ஷிப்ட்
வர வேண்டும் என்கிறது சோதனை.
அரைதான் வந்தது என்கிறது நிரல்.
பன்னிரண்டு அடித்ததும் வாரத்தை மூடிவிடுகிறது.
பிந்திய இரண்டு மணி நேரம்
போன வாரத்திலும் இல்லை, வருகிற வாரத்திலும் இல்லை.

மேலே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார் மனுசன்:
ஞாயிறு பிறந்தால் வேலை முடிந்ததாகாது.

எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் பாவாயி இல்லை.
சோதனைக்காக வைத்த பேர்தான்.
ஆனால் சனி இரவு பன்னிரண்டு தாண்டி
வெளியே போனவர்களை மட்டும் வடிகட்டினால்
திரை கீழே கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது.

சென்னியப்பனுக்குப் போன் போட்டேன்.
கொடுமுடியில் ஏதோ சீர்.
பின்னால் மேளம்.
"இப்போதைக்கு முடக்கி வச்சிருங்க.
யாருமே கேக்கலைங்களே இதுவரைக்கும்.
திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

முடக்குவதற்கும் ஒரு குறி உண்டு புதியதில்.
பக்கத்திலேயே காரணம் எழுத
இரண்டு மேற்கோள்களுக்கு நடுவே இடம்.
பிறகு பார்க்க, என்று அடித்தேன்.
அழித்தேன்.
யாரும் கேட்கவில்லை, என்று அடித்தேன்.
பொய்யில்லைதான்.
அதையும் அழித்தேன்.

டீ வாங்கக் கீழே இறங்கினேன்.
தூத்துக்குடி கண்டெய்னர் விடிவதற்குள் கிளம்பணுமாம்.
செக்கிங் மேசையில் குழல் விளக்கின் கீழ்
ஓட்டை விழுந்த பீஸ்களில்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
"ஏனுங்க்கா, மேல உங்களுக்கும் நைட்டுங்களா?"
ஆமாம் என்றேன்.
என் மாதச் சம்பளத்துக்கு
வாரம் எப்போது மூடினால் என்ன.

மேலே வந்து
முடக்காமலே அனுப்பினேன்.
மொத்தப் பலகையும் சிவப்பாய் எரிகிறது,
ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று பச்சையாக இருந்தும்.
திங்கட்கிழமை கேட்பார்கள்.
எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை பேர் என்று
பெருக்கத் தொடங்கி
பாதியில் நிற்கிறேன்.

ஒன்று ஐம்பது.
டீ கிளாஸ் இன்னும் நடுங்குகிறது.