முழங்கால் காயம்

டுல்சிக்கு முன்முழங்கால் இரண்டிலும் காயம்.
யாரும் அடிக்கவில்லை,
வேலியில் உரசவும் இல்லை.
கேமராவை ஓட்டிப் பார்த்தோம்:
மூன்று பத்துக்கு
நின்றபடியே கண் செருகி
மூக்கு மண்ணைத் தொடும் நேரம்
சட்டென மடிந்தன கால்கள்.
விழுந்து, பதறி எழுந்து,
ஒன்றும் நடக்காததுபோல் நின்றது.

நின்றே தூங்கும் என்பது பாதிதான்
என்றார் மருத்துவர் நொரீன்.
மூட்டைப் பூட்டிக்கொண்டு,
ஒரு பின்காலைத் தளர விட்டு,
கண்ணயரலாம்.
கனவுக்குப் படுத்தாக வேண்டும்.
அரைமணி போதும்.
ஆனால் பக்கத்தில் ஒன்று
விழித்து நிற்க வேண்டும்.

பக்கத்தில் நின்ற சாம்பல் கிழத்தை
ஜூனில் வயிற்றுவலி கொண்டுபோயிற்று.

ஸ்கோனில் புல்லெல்லாம் உறைபனி.
இரவு ஷிப்ட் எனக்கு.
பிளாஸ்டிக் நாற்காலியைக்
கொட்டிலுக்குள் போட்டேன்.
முதல் நாள் முகர்ந்தது.
மறுநாள் ஃபிளாஸ்க் மூடியைக்
கடித்துப் பார்த்தது.
ஒன்பதாம் இரவு
தொப்பென்று வைக்கோலில் சரிந்து
குறட்டை.
படுத்தபடியே எங்கோ ஓடின குளம்புகள்.

மூத்திரம் முட்டியது. அசையவில்லை.
இருபத்தாறு நிமிடம்.
பதிவேட்டில் எழுதினேன்:
டுல்சி படுத்தது. காவல், ஞானசீலன்.

விடிந்து அறைக்கு வந்தால்
உடன் இருப்பவன் வேலைக்குப் போயிருந்தான்.
கட்டில் விரித்தபடி கிடந்தது.
பூட்ஸைக் கழற்றாமல்
சுவரில் சாய்ந்து நின்றேன்,
கெட்டில் கொதிக்கட்டும் என்று.