பதினான்காம் வளைவில் ஹாரன்

பிலோமினா, 41, பெ.
அதற்குக் கீழே டி.எஸ்.ஹெச். 48.6.
பக்கத்தில் தடித்த எழுத்தில்
மேல்நோக்கி ஓர் அம்பு.

எஸ்டேட்டில் நான் ரைட்டர்.
பழம் பறித்து வருகிறவர்களின் சாக்குக்கு
எடை எழுதுகிறவள்.
எனக்குத் தெரிந்த கணக்கில்
எண் கூடினால் கூலி கூடும்.

ஐந்து ரோடு ஆய்வகத்து இரும்பு நாற்காலியில்
மதலைமுத்து எட்டிப் பார்த்தான்.
"நாலு சொச்சத்துக்குள்ள இருக்கணுமாம்,
உனக்கு நாப்பத்தெட்டு.
தைராய்டு ஓவரா வேலை செய்யுது போல."
சிரித்தேன்.
ஓவராக வேலை செய்கிற எதுவும்
அந்தச் செப்டம்பரில் என்னிடம் இல்லை.

மே மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டர்.
ஏற்காட்டில் யாருக்குத்தான் குளிராது என்றார்கள்.
அரைத்தட்டுச் சோற்றுக்கு ஆறு கிலோ ஏறினேன்.
வயசு என்றார்கள்.
பேர் கூப்பிட்டால் குரல்
ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல வந்தது.
சளி என்றார்கள்.
போன பறிப்பில்
திங்கட்கிழமை எடையைப் புதன்கிழமைப் பக்கத்தில் எழுதினேன்.
அதற்கு மட்டும் யாரும் காரணம் சொல்லவில்லை,
திட்டினார்கள்.

ரத்தம் எடுத்த தில்ஷாத்
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
"சாப்பிட்டே வந்திருக்கலாம்க்கா,
இதுக்கு வெறும் வயிறு கட்டாயமில்ல" என்றாள்.
இருபது வளைவு பட்டினியாய் இறங்கி வந்தவளிடம்.

சாயங்காலம் ஏறும்போது
பதினான்காம் வளைவில் பஸ் நின்றது.
முன்னால் ஒரு சிமென்ட் லாரி
முக்கிக்கொண்டு நின்றது.
எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார்.
லாரி அசையவில்லை.
இன்னும் நீளமாக அடித்தார்.
பிறகு கையை எடுக்கவே இல்லை.
குழந்தைகள் காதைப் பொத்தின,
தடுப்புச்சுவர்க் குரங்குகள் இடம் மாறி உட்கார்ந்தன,
லாரி அங்கேயே.

மடியில் தாளை விரித்தேன்.
டாக்டர் அரை நிமிஷத்தில் சொன்னதும்
புரிந்தாற்போல் நான் தலையாட்டியதும்
அங்கேதான் ஒன்றையொன்று சந்தித்தன.
அந்த 48.6
தைராய்டு செய்த வேலை இல்லை.
மண்டைக்குள் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி
தொண்டையைப் பார்த்து அடிக்கிற ஹாரன்.
லாரியின் வேகம் அடுத்த வரியில் இருந்தது:
ஃப்ரீ டி4, 0.4.
நான் பார்க்காமல் விட்ட
கீழ்நோக்கிய அம்பு.

மூன்றாவது வரி, ஆன்டி டி.பி.ஓ.
ஐந்நூற்றுச் சொச்சம்.
என் வீட்டு வாட்ச்மேனே என்னைத் திருடி என்று நினைத்து
எத்தனை வருஷமாய் அடித்துக்கொண்டிருக்கிறானோ.
வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.
ஜுரம் வந்தால் அவன்தான் வேண்டும்.

காலையில் ஒரு மாத்திரை, தண்ணீரோடு.
பிறகு ஒரு மணி நேரம் காபி கூடாதாம்.
காபித் தோட்டத்துக்கு நடுவே குடியிருக்கிறவளிடம்
கூசாமல் சொல்லி அனுப்புகிறார்கள்.
ஐந்தரைக்கு விழுங்கிவிட்டு
ஆறரை வரை
மதலைமுத்து ஆற்றிக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
அவனைப் பிடிக்காமல் போவதற்கு
ஒரு நாளில் அந்த ஒரு மணி நேரம் போதும்.

ஆறு வாரம் கழித்து 19.
"குறைஞ்சிருச்சே, மாத்திரை ஒத்துக்கலையா?" என்றான்.
லாரிக் கதையை மறுபடி சொன்னேன்.
அடுத்த ஆறு வாரத்தில் 6.8.
இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை,
தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

இன்னும் முடி கொட்டுகிறது.
மதியம் இரண்டு மணிக்குக் கண் இன்னும் சொருகுகிறது.
ஆனால் நேற்று, டிசம்பர் பனியில்,
இரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கழற்றி
கைக்கு எட்டிய தராசுக் கொக்கியில் மாட்டினேன்.
மறந்தும் போனேன்.
வெள்ளச்சியின் சாக்குக்கு
அரை கிலோ கூடுதலாக விழுந்திருக்கிறது.

பார்த்தேன்.
திருத்தவில்லை.