பதினேழாம் எண்

காலை ஆறரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில்
முப்பத்தொரு தடவை என் போன் துடிக்கும்.
எடுக்கக் கூடாது. அதுதான் ஏற்பாடு.
ஒரு தரம் அடித்து நின்றால்
எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். நோட்டில் ஒரு டிக்.
இரண்டு தரம் என்றால் மாத்திரையோ பிளம்பரோ
ஏதோ வேண்டும்.
சத்தமே இல்லாதவர்களுக்கு நான் அடிப்பேன்.
எடுக்காவிட்டால்
கேஸ் ஏஜென்சி மாரி டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டு போவான்.

பள்ளத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு
எதற்கு இந்த வேலை என்றால்,
போன ஐப்பசியில் மேலத்தெருவில் ஒருவர் இறந்து
மூன்றாம் நாள்தான் பால்காரர் வந்து சொன்னார்,
பாக்கெட் மூன்றும் அப்படியே கிடக்கிறதென்று.
அவருடைய ஆதாரை நான்தான் லேமினேட் செய்திருந்தேன்.
அதற்குமேல் அவரைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.

நோட்டின் முதல் பக்கத்தில் சொர்ணவல்லி ஆச்சி, ரஹ்மத் பீவி,
ரிட்டயர்டு கண்டக்டர் செபஸ்தியான்.
செபஸ்தியான் சரியாக ஆறு முப்பத்திரண்டுக்கு அடிப்பார்.
முதல் வண்டி எடுக்கும் நேரமாம்.

பதினேழாம் எண் அடைக்கப்பன்.
எட்டுப் பங்கு வீட்டில்
அடுப்படியை ஒட்டிய ஓர் அறையில் இருக்கிறார்.
மற்ற ஏழு பங்கின் சாவியும் அவர் இடுப்பில்.
வாரத்தில் நாலு நாள் அவர் அடிப்பதில்லை.
நான் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்து
'மறந்துட்டேன்மா' என்பார்.
அப்புறம், குன்றக்குடிப் பக்கம் மழையா,
சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை,
உன் மெஷின்ல இன்னும் கறுப்புக் கோடு விழுதா.

ஒருநாள் கேட்டேவிட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'அடிச்சா நீ எடுக்க மாட்டியே' என்றார்.
'டிக் போட்டுட்டுப் போயிடுவே.'

சிரித்தேன். போனை வைத்த பிறகு
சிரிப்பாக இல்லை.

மாரியிடம் சொன்னது என் தப்பு.
சிலிண்டரோடு சேர்த்து
அதையும் வீடு வீடாக இறக்கிவிட்டான்.
அடுத்த புதன்கிழமை நோட்டில் ஒரே ஒரு டிக்.
ஆறு முப்பத்திரண்டு.
மற்ற முப்பது பேரும்
போனைப் பார்த்தபடி கமுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்,
உயிரோடு.

அன்று கடை திறக்கப் பதினொன்று ஆனது.
ரஹ்மத் பீவி ஒரு கனவைப் பாதியில் நிறுத்தி
மீதி நாளைக்கு என்றார்.

மாரிக்குத்தான் கோபம்.
'வேணும்னே பேசாம இருக்கிறதும்
விழுந்து கிடந்து பேசாம இருக்கிறதும்
நமக்கு எப்படிக்கா தெரியும்?'
தெரியாது.
அன்றிரவு எனக்குத் தூக்கமும் இல்லை.

ஏற்பாட்டை மாற்றினோம்.
காலையில் கட்டாயம் அடிக்க வேண்டும்.
சாயங்காலம் நாங்களே கூப்பிட்டுப் பேசுவோம்,
ஒன்றுமில்லாததைக்கூட.
மருந்துக்கடை இலக்கியா ஆறு பேரை எடுத்துக்கொண்டாள்,
அரிசி மில் கணக்குப்பிள்ளை ஐந்து.
எனக்கும் நாலு பேரைக் கொடு என்றார் செபஸ்தியான்.
பட்டியலில் இருப்பவருக்கே பட்டியலா என்று
யோசித்தோம்.
கொடுத்தோம். அவர் பேச ஆரம்பித்தால்
கடைசி ஸ்டாப்பில்தான் இறக்கிவிடுகிறாராம்.

இன்று காலை பதினேழு அடிக்கவில்லை.
நான் அடித்தேன். முழுதும் அடித்து ஓய்ந்தது.
மறுபடி. மறுபடி.
மாரி போய்ப் பார்த்துச் சொன்னான்:
'அக்கா, வெளியே பூட்டியிருக்கு.'
ஊருணிப் பக்கம் போய்ப் பார் என்று சொல்லிவிட்டு
ஷட்டரைப் பிடித்தபடி நின்றேன்.

எட்டரைக்கு வருகிறார்,
குளித்து, விபூதி பூசி, சாவிக்கொத்து குலுங்க,
கையில் ரேஷன் கார்டு.
'ஒரு காப்பி போடும்மா.
போனை வீட்டிலேயே வெச்சுட்டேன்.'

திட்டினேன்.
பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி,
என் தம்பியைக்கூட அப்படித் திட்டியதில்லை.
தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.
நான் நிறுத்தியதும் நிமிர்ந்து,
அவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தார்.

காப்பி வெளியே வந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
'கோடு இன்னும் விழுது பாரு' என்றார்,
ரொம்பச் சந்தோஷமாக.