காத்திருப்புக் கணக்கு

உரிமம் கைக்கு வந்த மூன்றாம் நாள்
துவாசில் ஒரு கம்பெனி
சேர்ந்தால் மூவாயிரம் வெள்ளி என்றது.
ஒப்பந்தம் ஏழு பக்கம்.
ஆறாம் பக்கத்தின் அடியில்
எறும்பு ஊர்வது போல ஒரு வரி:
இரண்டு வருடம் முடியாமல் விலகினால்
இரட்டிப்பாய்த் திருப்பிக் கட்ட வேண்டும்.
கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.
குளிர்சாதனம் மட்டும் சுகமாக இருந்தது.

வயது முப்பத்தொன்பது.
பதினோரு வருடம் பள்ளிப் பேருந்தில்
பிள்ளைகளுக்கு வார் மாட்டிவிட்டேன்.
இப்போது நாற்பதடி கண்டெய்னர்.
இழுவையின் வால் இடப்பக்கம் போக
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும்.
இதைக் கற்க எனக்கு
நான்கு மாதம், மூன்று தேர்வு, ஒரு கம்பம்.

சுங்கை காடுட்டில்
தவமணி டிரான்ஸ்போர்ட்.
வண்டிக்கு வண்டி எலுமிச்சை மாலை.
"நம்ம புள்ள, தாள் எதுக்கும்மா?" என்றார் முதலாளி.
அவர் பேசப் பேச நான் டயரைப் பார்த்தேன்.
தேய்ந்த அழிப்பான் போல மழமழப்பு.
நம்ம புள்ள என்று அழைக்கும் இடத்தில்
சம்பளத் தேதி கேட்கக் கூசுகிறது.
அந்தக் கூச்சம் மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று
திரும்பும் பஸ்சில் கணக்குப் போட்டேன்.

கோப்பிக்கடையில் விசாரித்தால்
மேசைக்கு ஒரு கம்பெனி.
ஓட்டத்துக்குக் காசு தரும் இடம்தான் நல்லது,
கை ஓடினால் பை நிறையும் என்றார்கள்.
சரி, கை ஓடும்.
வண்டி ஓடுமா?

ஒரு புதன்கிழமை
பாசிர் பாஞ்சாங் துறைமுக வாசலுக்கு எதிரே
குடை பிடித்து நின்றேன்.
பச்சை பிரைம் மூவர் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன்.
ஐம்பது நிமிடத்தில் அது நகர்ந்தது
ஏழு வண்டி நீளம்.
ஓட்டுநர் பொட்டலச் சோறு தின்றார்,
கை துடைத்தார்,
காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்,
தூங்கிப்போய்
பின்னால் ஹாரன் அடித்ததும் விழித்தார்.
அவர் கையும் நன்றாக ஓடக்கூடியதுதான்.

பாலிகிளினிக்கில் எண் வரும்வரை,
டியூஷன் முடியும்வரை,
கடைசிப் பிள்ளையின் அம்மா
மழையில் கீழே இறங்கி வரும்வரை
நானும் நின்றிருக்கிறேன்.
யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

அதன்பிறகு எங்கு போனாலும் ஒரே கேள்வி:
நிற்கும் நேரத்துக்கு எவ்வளவு?
துவாஸ் பெண் சிரித்தாள்.
"நிக்கறதுக்கு யாரும்மா காசு குடுப்பா?" என்றார் தவமணி,
உண்மையான வியப்போடு.

பெஞ்சுருவில் கோ சியூ லான்.
அலுவலகம் என்பது ஒரு பழைய கண்டெய்னர்.
மீன் உருண்டை நூடுல்ஸை மூடி வைத்துவிட்டு
கறை படிந்த நோட்டைத் திறந்தார்.
"முதல் மணி நேரத்துக்கு இல்லை.
அப்புறம் மணிக்கு எட்டு வெள்ளி."
முதல் மணி நேரம் ஏன் இல்லை?
"அதற்கு எனக்கும் யாரும் தருவதில்லை."

துவாசைவிட நானூறு வெள்ளி குறைவு.
வண்டி என் திருமணத்தைவிட மூத்ததாக இருக்கலாம்.
கழிப்பறை ஒன்றுதான்,
கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை,
கயிறு கட்டியிருந்தார்கள்.
தாழ்ப்பாள் போட்டால் யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டுக் கடன், மின்கட்டணம்,
மகனின் பல் கம்பி எல்லாம்
நானூறு வெள்ளி, நானூறு வெள்ளி என்றன.
மூவாயிரத்தையும் ஒருமுறை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்,
பொய் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கைப்பேசியில் ஒரு படம்.
வேறு சொல் எதுவும் இல்லை.
புதுத் தாழ்ப்பாள்,
விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
நான்கு திருகாணியில் ஒன்று கோணல்.

துவாசுக்குப் போன் செய்தேன்.
"வரிசையில் இருக்கிறீர்கள், காத்திருக்கவும்" என்றது இயந்திரம்.
பதினான்கு நிமிடம்.
குறித்து வைத்துக்கொண்டேன்.